ஜாஸ் மேதைகளை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? மிருதங்கம் பயின்றவனின் ஐயம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரன்

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு தென்னந்தோப்பை நம்பி வாழ்கிறேன். ஒன்பது ஆண்டுகள் மிருதங்கம் பயின்றேன். மேடை வாய்ப்புகள் பெரிதாக அமையவில்லை என்றாலும் பழக்கம் கைவிட்டுப் போகவில்லை. தமிழக, கேரள எல்லைப் பக்கத்தில் வளர்பவனின் காது ஒரு வகையில் கொடுத்து வைத்தது என்பேன். மாரியம்மன் நோம்பிக்குப் பம்பையும் உடுக்கையும் கேட்போம். அடுத்த வாரமே பகவதி கோயிலில் செண்டை முழங்கும். ஐப்பசியில் கல்பாத்தித் தேருக்குப் போனால் கச்சேரி கேட்கலாம். தாயம்பகையில் ஒற்றைச் செண்டைக்காரர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கூட்டத்தைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதைச் சிறு வயது முதல் பார்த்து வந்திருப்பதால், தனி ஒருவரின் கற்பனையை நம்பி நிற்கும் எந்த இசையும் எனக்கு அந்நியமாகத் தோன்றியதில்லை.

ஆனால் சில மாதங்களாகக் கைப்பேசியில் ஜாஸ் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு தடுமாற்றங்கள். முதலாவது, சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டு, எங்கே விழுகிறது என்பதே பிடிபடுவதில்லை. தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் சிறிது நேரத்தில் கை ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போய்விடுகின்றன. இரண்டாவது, இக்கலைஞர்களைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் போதை ஊசி, சிறை, அற்ப ஆயுள் என்றே முடிந்துவிடுகின்றன. ஒருவர் 34 வயதில் இறந்தார் என்பதை நான்கு கட்டுரைகளில் படித்துவிட்டேன். அந்த 34 ஆண்டுகளில் அவர் யாரிடம் கற்றார், எப்படிச் சாதகம் செய்தார், மேடையில் அப்போதே பிறப்பதாகச் சொல்லப்படும் இசைக்கு உள்ளே என்ன கட்டுக்கோப்பு இருக்கிறது என்பதை ஒரு கட்டுரையும் சொல்லவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லித் தர வேண்டும். எந்தக் கலைஞரில், எந்தப் பதிவில் தொடங்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஒலவக்கோட்டுப் பெரியவர்

தம்பி, நான் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 1970களில் சென்னையில் வேலை பார்த்தபோது, மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைக் கிளறிக் கிளறித்தான் இந்தப் பித்துப் பிடித்தது.

முதலில் உங்கள் சமத்தைக் கண்டுபிடித்துத் தருகிறேன். ஜாஸ் பாட்டு என்பது பெரும்பாலும் 32 பார் அல்லது 12 பார் கொண்ட ஒரு சுற்று. ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. ஆக, 32 பார் என்றால் 128 எண்ணிக்கை. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் 16 ஆவர்த்தனம், அதாவது 16 சுற்று. 12 பார் ப்ளூஸ் என்றால் 48 எண்ணிக்கை, ஆறு ஆவர்த்தனம். தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசித்துக் காட்டுவார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராக அதே சுற்றின் மேல் தம் கற்பனையை வாசித்து, கடைசியில் மீண்டும் மெட்டுக்கு வந்து சேருவார்கள். சுற்றின் ஒவ்வொரு இடத்திலும் எந்தச் சுர அடுக்கு ஒலிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவானது. அந்த அடுக்கைத்தான் கார்டு என்கிறோம். வாசிப்பவர் மெட்டை மறந்துவிடலாம். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. நீங்கள் சமத்தில் அழுத்தமான ஒரு தட்டை எதிர்பார்க்கிறீர்கள். இங்கே டிரம்ஸ்காரரின் கால் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில்தான் சிம்பலை மூடுகிறது. முதல் எண்ணிக்கையை அனைவரும் மனத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள். டிரம்ஸை விட்டுவிட்டுப் பெரிய பாஸ் வாத்தியத்தின் நடையைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு சுரமாக அது நடந்துகொண்டே இருக்கும்.

இனி ஆட்களைப் பற்றி. 1928 ஜூனில் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தொடக்கத்தைக் கேளுங்கள். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் தனியாக எழுந்து, பதினைந்து விநாடிக்குள் ஒரு சிறு ஆலாபனையையே செய்து முடித்துவிடும். ஜாஸில் கூட்டு வாசிப்பை விடத் தனி வாசிப்பு முன்னுக்கு வந்த கதையை அந்தப் பதினைந்து விநாடியிலேயே கேட்கலாம். 1901இல் நியூ ஆர்லியன்ஸில் பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். புத்தாண்டுக்கு முந்தைய இரவில் தெருவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகப் பதினொரு வயதில் சீர்திருத்த விடுதிக்கு அனுப்பப்பட்டார். டிரம்பெட் போன்ற கார்னெட் வாத்தியத்தை முறையாகக் கற்றது அந்த விடுதியின் பேண்டில்தான். பிறகு அவருக்குக் குருநாதராக வாய்த்தவர் கிங் ஆலிவர். அவர் 1922இல் சிகாகோவுக்கு வரச் சொன்னதும் புறப்பட்டுப் போய், அவருடைய குழுவில் இரண்டாம் கார்னெட்டாக உட்கார்ந்தார். குருவுக்குப் பக்கத்தில் அமர்ந்து பின்பாட்டுப் பாடும் சிஷ்யனின் இடம் அது.

நீங்கள் குறிப்பிட்ட 34 வயதுக்காரர் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர்தான். 1920இல் கன்சாஸ் நகரத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் பெரிய வித்வான்கள் கூடும் இரவு வாசிப்பில் துணிந்து ஏறிச் சுற்றைத் தவறவிட்டதும், ஜோ ஜோன்ஸ் என்ற டிரம்ஸ் மேதை சிம்பலைக் கழற்றித் தரையில் எறிந்து அவரை நிறுத்தினார். மறு வருடம் கோடையில் ஒரு மலைப்பகுதி விடுதியில் வாசிக்கும் வேலை கிடைத்தது. லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கூடவே கொண்டுபோய், அவருடைய சாக்ஸஃபோன் வாசிப்பைச் சுரம் சுரமாக மனப்பாடம் செய்தார். மூன்று நான்கு ஆண்டுகள் நாளொன்றுக்குப் பதினொரு மணி முதல் பதினைந்து மணி நேரம் வரை சாதகம் செய்ததாக அவரே பின்னாளில் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். 1945இல் அவர் பதிவு செய்த 'கோ-கோ' என்ற வாசிப்பு, 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் கார்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டுச் செய்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெட்டுக்குத்தான் சட்டப்படி உரிமையாளர் இருந்தார். கார்டு வரிசைக்கு இல்லை. ஆகவே பழைய பாட்டின் எலும்புக்கூட்டின் மேல் புது மெட்டைப் போர்த்தினால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அக்காலத்துப் புது மெட்டுகளில் பல இப்படிப் பிறந்தவையே.

எனக்கு மிகவும் பிடித்தவர் சாக்ஸஃபோன் கலைஞர் சானி ரோலின்ஸ். 1959இல், புகழின் உச்சியில் இருந்தபோது, தம் வாசிப்பு தமக்கே போதவில்லை என்று மேடையை விட்டு விலகினார். வீட்டில் ஊதினால் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு. அண்டையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தார். எனவே நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குச் சென்று, கீழே படகுகளும் பக்கத்தில் ரயில்களும் இரைந்துகொண்டிருக்க, இரண்டு ஆண்டுகள் பகலும் இரவும் ஊதினார். ரயில் சத்தத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் எனக்கு அந்தப் பாலத்தின் மேல் தனிப் பிரியம். திரும்பி வந்து 1962இல் வெளியிட்ட தொகுப்புக்குப் 'பாலம்' என்றே பெயர் வைத்தார். அதன் பிறகும் மனம் அடங்காமல் 1968இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாய் பவாயில் சுவாமி சின்மயானந்தரின் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கினார். சின்மயானந்தர் எர்ணாகுளத்துக்காரர் என்பதை நம் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதில் 2: வேலந்தாவளம் கிளாரினெட்

கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு வாசித்துப் பிழைப்பவன் நான். ஆகவே ஐயாவைப் போல் விரிவாக எழுத வராது. ஒன்றே ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஆம்ஸ்ட்ராங் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் இறுதி ஊர்வலத்துக்குப் பேண்டு வைக்கும் வழக்கம் உண்டு. இடுகாட்டுக்குப் போகும்போது தேவாலயப் பாட்டை மெதுவான நடையில் வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து கொஞ்ச தூரம் திரும்பி வந்ததும் சிறு முரசு ஒரு உருட்டு உருட்டும்; அதே குழு துள்ளல் நடைக்கு மாறிவிடும்; பின்னால் வரும் கூட்டம் ஆடிக்கொண்டே வரும். இறந்தவரை வழியனுப்பிய பிறகு உயிரோடு இருப்பவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் பேண்டின் வேலை என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கத்தில் சாவுக்குப் பறையும் பேண்டும் வைத்து ஆடிக்கொண்டு போவதை நாகரிகமற்றது என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் வாசித்து முடித்த பிறகு, கூலியைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். உலகம் கொண்டாடும் இசையின் வேர்களில் ஒன்று சாவு ஊர்வலத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

கிளாரினெட் கேட்க விரும்பினால் சிட்னி பெஷே. அதே ஊர்க்காரர். பிற்காலத்தில் நேரான சோப்ரானோ சாக்ஸஃபோனுக்கு மாறினாலும், இரண்டிலும் அவர் கொடுக்கும் அசைவு நம் கமகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

பதில் 3: சித்தூர் வாசகி

பெரியவர் எழுதியதை மிகவும் ரசித்தேன். ஆயினும் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. போதை, சிறைக் கதைகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாதகத்தை மட்டும் பேசுவோம் என்ற கேள்வியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றை முற்றாக ஒதுக்கினால் இக்கலைஞர்கள் ஏன் அப்படி வாசித்தார்கள், சில ஆண்டுகள் ஏன் வாசிக்கவே இல்லை என்பது விளங்காமல் போய்விடும்.

அக்காலத்து நியூயார்க்கில், மது விற்கும் விடுதியில் பாடவோ வாசிக்கவோ காவல்துறை வழங்கும் ஓர் அனுமதி அட்டை வேண்டும். வழக்கில் சிக்கினால் அட்டை பறிபோகும். அட்டை போனால் ஜாஸ் வாழ்ந்த விடுதிகளின் கதவுகள் அடைபட்டுவிடும். பாடகி பில்லி ஹாலிடே 1947இல் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்று திரும்பியபோது அவருக்கு நேர்ந்தது இதுதான். மறு ஆண்டு கார்னகி மண்டபத்தில் இருக்கைகள் நிரம்பி வழியப் பாட முடிந்தவரால், நகரத்தின் ஒரு சிறு விடுதியில் பாட முடியவில்லை. தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதைக்கு 1951இல் அட்டை போயிற்று. 1957 வரை திரும்பக் கிடைக்கவில்லை. முப்பத்து மூன்று வயது முதல் ஆறு ஆண்டுகள், ஒரு கலைஞனின் வளமான காலம், வீட்டுப் பியானோவின் முன் கழிந்தது. அட்டை கிடைத்த பிறகு ஃபைவ் ஸ்பாட் விடுதியில் ஜான் கோல்ட்ரேனைச் சேர்த்துக்கொண்டு வாசித்த மாதங்களைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். மங்கின் வாசிப்பு முதலில் பிசகாக விரல் பட்டது போல ஒலிக்கும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை வேண்டுமென்றே மோதவிடுவார். எதிர்பார்த்த இடத்தில் வாசிக்காமல் காத்திருப்பார். மிருதங்கக்காரருக்கு இந்த மௌனத்தின் கணக்கு மற்றவர்களை விட விரைவில் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

பில்லி ஹாலிடேயின் குரலுக்கு எல்லை குறுகியது. வேகமாக உருளும் பெரிய பிருகாக்கள் எதுவும் கிடையாது. அவருடைய கலை காலத்தில் இருந்தது. தாளம் தொடங்கிய பிறகு பல்லவியை அனாகத எடுப்பில் எடுப்பது போல, சொல்லை எண்ணிக்கைக்குச் சற்றுப் பின்னால் வைத்து, விழுந்துவிடுமோ என்று நாம் பதறும்போது ஏந்திக்கொள்வார். லெஸ்டர் யங்கின் சாக்ஸஃபோன் உடன் வரும் 1937ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கேளுங்கள். இருவரும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்துவைப்பது தெரியும். இருவரும் 1959இல், நான்கே மாத இடைவெளியில் இறந்தார்கள். 1939இல் பில்லி பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்', மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பின மக்களின் உடல்களைக் கனிகள் என்று சொல்லும் பாட்டு. அவர் வழக்கமாகப் பதிவு செய்துவந்த நிறுவனம் அதைத் தொட மறுத்ததால் வேறொரு சிறிய நிறுவனத்தில் பாடினார். நான் அதை முழுமையாக இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன். மூன்றாம் முறை கேட்க மனம் துணியவில்லை.

இன்னொன்று. நம்மவர்கள் எதைக் கேட்டாலும் 'இது நம்மிடமும் இருக்கிறது' என்று சொல்லி மகிழ்கிறோம். கார்டு நம் இசையில் இல்லை. அதை இல்லை என்று ஒப்புக்கொண்டு கேட்டால்தான் அதன் அழகு தெரியும்.

பதில் 4: ஒலவக்கோட்டுப் பெரியவர்

அம்மா, கண்டிப்பு நியாயமானது. மறுக்கவில்லை. ஆனால் தாளத்தில் மட்டும் எனக்கு ஒரு சலுகை கொடுங்கள்.

1958இல் அமெரிக்க அரசு பியானோ கலைஞர் டேவ் புருபெக்கின் நால்வர் குழுவை வெளிநாடுகளுக்கு அனுப்பியபோது அவர்கள் சென்னைக்கும் வந்தார்கள். அங்கே அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் அமர்ந்து வாசித்தார். பாலக்காட்டுக்காரனான எனக்கு மிருதங்கம் என்றால் மணி ஐயர்தான். ஆனாலும் மற்றவர்கள் வலக்கையால் வாசிக்கும் வலந்தலையை இடக்கையால் வாசித்த பழனியாரின் கணக்குக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக்காரர் என்ன பாடுபட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். மறு ஆண்டு வெளிவந்த அவர்களுடைய 'டைம் அவுட்' தொகுப்பில், நான்கின் வழக்கத்தை விட்டு ஐந்திலும் ஒன்பதிலும் பாட்டுகள் இருந்தன. 'டேக் ஃபைவ்' என்ற ஐந்து எண்ணிக்கைப் பாட்டை எழுதியவர் சாக்ஸஃபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். பியானோ மூன்றும் இரண்டுமாகப் பிரித்துக்கொண்டே இருக்க, அதன் மேல் மொரெல்லோ தனி வாசிப்பார். ஒன்பது எண்ணிக்கைப் பாட்டுக்கு விதை, அதே பயணத்தில் இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் புருபெக் கேட்டது. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று போகும். ஐந்தின் கணக்கான கண்ட நடை பழகிய கொழிஞ்சாம்பாறைத் தம்பி முதலில் இந்தத் தொகுப்பைக் கேட்டால் நம்பிக்கை வரும்.

அம்மா சொன்ன விஷயத்துக்கும் இதில் ஒரு சான்று உண்டு. புருபெக்கின் குழுவில் பாஸ் வாசித்த யூஜீன் ரைட் கறுப்பினத்தவர். 1960இல் தெற்கு மாநிலக் கல்லூரிகள் பல, ரைட்டை விட்டுவிட்டு வரச் சொன்னபோது, புருபெக் அந்தச் சுற்றுப்பயணத்தின் 25 கச்சேரிகளில் 23ஐ இழக்கத் துணிந்தார்.

பதில் 5: கொல்லங்கோட்டு நாகஸ்வரம்

எல்லோருக்கும் வணக்கம். கோல்ட்ரேன் பெயர் ஒரே ஒரு முறை வந்து போனதால் எழுதுகிறேன்.

ஜான் கோல்ட்ரேன் 1926இல் வட கரோலினாவில் பிறந்தவர். அவருடைய பாட்டனார்கள் இருவரும் தேவாலய ஊழியர்கள். ஹெராயின் பழக்கத்தால் 1957இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தம் குழுவிலிருந்து அவரை நீக்கினார். அதே ஆண்டில் அந்தப் பழக்கத்தைத் துறந்து, அதை இறையருளாகவே கருதினார். மீண்டும் மைல்ஸுடன் சேர்ந்து 1959இல் 'கைண்ட் ஆஃப் புளூ' தொகுப்பில் வாசித்தார். அதிலுள்ள 'சோ வாட்' என்ற பாட்டில் கார்டுகள் ஓடி ஓடி மாறுவதில்லை. எட்டு எட்டு பாராக நான்கு பகுதிகள். முதல் இரண்டிலும் கடைசியிலும் நம் கரகரப்ரியாவின் சுரங்கள். மூன்றாவது பகுதியில் மட்டும் அதே சுரக்கட்டு அரைக் கட்டை மேலே ஏறி, திரும்ப இறங்கிவிடும். சித்தூர் அம்மா என்னைத் திட்டலாம். சுரங்கள் அவைதான், ராகம் அது இல்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். கமகம் இல்லாமல் கரகரப்ரியா ஏது? ஆனால் ஒரே சுரக்கட்டில் நிலைத்து நின்று யோசிக்கும் சுகம் என்ன என்பதை அவர்கள் அப்போது கண்டுகொண்டார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து கோல்ட்ரேன் பதிவு செய்த 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' இதற்கு நேர் எதிரானது. கார்டுகள் அவ்வளவு விரைவாக மாறுகின்றன. பியானோ வாசித்த டாமி ஃபிளனகன் தம் முறை வந்தபோது தயங்கித் தயங்கி நிற்பதை அந்தப் பதிவிலேயே கேட்கலாம். நல்ல வித்வான் தடுமாறுவதை அப்படியே தட்டில் விட்டு வைத்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

நான் உண்மையில் சொல்ல வந்தது 1964 டிசம்பர் 9 அன்று அவர் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' பற்றி. நான்கு பகுதிகள். பியானோவில் மெக்காய் டைனர், பாஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். முதல் பகுதியில் நான்கு சுரங்கள் கொண்ட சிறு சொற்கட்டு ஒன்றைப் பன்னிரண்டு சுருதிகளிலும் எடுத்துச் சென்று காட்டுவார். பிறகு அதையே வாயால் நாமாவளி போலச் சொல்வார். நான்காம் பகுதியில் தாளம் கிடையாது. அவரே எழுதிய ஒரு தோத்திரம் தொகுப்பின் உறையில் அச்சாகியிருந்தது. அதைச் சொல் சொல்லாக, வரி வரியாக, சாக்ஸஃபோனில் ஓதுகிறார். வாயால் ஒரு சொல்லும் பாடவில்லை. முதலில் எனக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு, அந்தத் தோத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது ஒவ்வொரு மூச்சும் ஒரு வரியோடு பொருந்தி நின்றது. எங்கள் வழக்கில் நாகஸ்வரக்காரன் சாகித்யம் தெரியாமல் கீர்த்தனை வாசிக்கக் கூடாது என்பார்கள். சொல் எங்கே உடைகிறதோ அங்கேதான் நாக்கால் காற்றை வெட்டும் துத்துகாரம் விழ வேண்டும், சொல்லின் நடுவே மூச்சு வாங்கக் கூடாது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இதற்காக வாத்தியத்தின் ஊதுமுனையான சீவாளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, முதலில் பாடு என்பார். எல்வின் ஜோன்ஸ் அந்தப் பகுதியில் பெரிய முரசுகளை வாசிப்பது, கோயிலின் உள்ளே எங்கோ அதிர்வது போலிருக்கும். விருத்தம் கேட்டுப் பழகியவர்களுக்கு வழிகாட்டி வேண்டியதில்லை.

அவர் 1967 ஜூலையில் கல்லீரல் புற்றுநோயால் நாற்பது வயதில் காலமானார். அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன், டெட்ராய்ட்டில் பிறந்த பியானோ கலைஞர். ஜான் சொல்லி வைத்திருந்த ஹார்ப் என்னும் பெரிய யாழ், அவர் மறைந்த பிறகே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆலிஸ் அதைத் தாமே வாசிக்கத் தொடங்கினார். துயரத்தின் நடுவே அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் சுவாமி சச்சிதானந்தர். 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கி வைத்துப் பேசிய அதே துறவிதான். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? கோவைக்கு அருகிலுள்ள செட்டிபாளையம்; வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் நமக்கு அதிகத் தொலைவு இல்லை. 1971இல் வெளிவந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' தொகுப்பில் முதலில் தம்பூரா ஒலிக்கும்; பாஸ் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, ஹார்ப் அலையடித்து வரும்; அதன் மேல் ஃபேரோ சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்ஸஃபோனை எடுப்பார். சீவாளி வாத்தியத்தின் நெருக்கடி அதில் இருக்கும். பிற்காலத்தில் ஆலிஸ் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் நிறுவி, பஜனைப் பாடல்களுக்குத் தேவாலயக் கறுப்பினப் பாட்டின் உடலைக் கொடுத்தார். கணவரின் நிழலில் நின்றவர் என்று அவரைப் பலர் எழுதிவிட்டார்கள். என் காதுக்கு அந்தத் தொகுப்பு வேறு யாராலும் செய்திருக்க முடியாதது.

தொழில் பற்றினால் இன்னொரு பெயர்: சார்லி மரியானோ. சாக்ஸஃபோன் கலைஞராகப் பெயரெடுத்த பிறகு தென்னிந்தியாவில் தங்கி நாகஸ்வரம் கற்று, தம் பதிவுகளிலும் வாசித்தார். நம் பிள்ளைகள் நாகஸ்வரத்தை விட்டுவிட்டுச் சாக்ஸஃபோனுக்குப் போகும் காலத்தில் இதைச் சொல்லி வைக்கிறேன். கத்ரி கோபால்நாத்தைக் குறை சொல்லவில்லை. அவர் கமகத்துக்காக வாத்தியத்தையே மாற்றியமைத்தவர்.

பதில் 6: கொழிஞ்சாம்பாறைக்காரன்

ஐயாமார்களுக்கும் சித்தூர் அம்மாவுக்கும் நன்றி. பத்து நாட்களாக வேறு எதையும் கேட்கவில்லை.

பெரியவர் சொன்னபடி பாஸைப் பிடித்துக்கொண்டு 'சோ வாட்' கேட்டேன். நான்கு ஆவர்த்தனம், நான்கு, நான்கு, நான்கு. மூன்றாம் நான்கில் சுருதி மேலே ஏறும் இடம் தெரிந்ததும் சுற்று முழுவதும் கைக்குள் வந்துவிட்டது. மைல்ஸின் முறையில் இரண்டு சுற்றும் ஒரு எண்ணிக்கை கூடப் பிசகாமல் தாளம் போட்டேன். 'டேக் ஃபைவ்' எளிதாக இருக்கும் என்று எண்ணி ஏமாந்தேன். ஐந்தை எண்ணுவது சிரமமில்லை. மொரெல்லோ ஐந்துக்கு மேல் தம் இஷ்டப்படி இடம் விட்டு வாசிக்கும்போது, பியானோவை நம்பாமல் தனியாக எண்ணிப் பார்த்ததில் மூன்று முறை வழி தவறினேன். பழனியாருடன் உட்கார்ந்தவர் என்பதை அறிந்த பிறகு அதில் வெட்கமில்லை.

தோத்திரத்தை வைத்துக்கொண்டு 'எ லவ் சுப்ரீம்' கடைசிப் பகுதியைத் தோப்பில் மோட்டார் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டேன். நாகஸ்வர ஐயா சொன்னதற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை. சித்தூர் அம்மா சொன்ன 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டை ஒரு முறை கேட்டேன்.

கைக்கு வந்த சிக்கல் ஒன்று உண்டு. 12 பார் சுற்றுக்கு மிருதங்கம் வாசித்துப் பார்த்தால், ஆறாம் ஆவர்த்தனத்தின் முடிவில் கை தானாகவே தீர்மானம் என்னும் முடிவுச் சொற்கட்டை வைத்துச் சமத்தில் ஓங்கி முடித்துவிடுகிறது. அங்கே முடிக்கக் கூடாது, அடுத்த சுற்றுக்குள் நழுவிப் போக வேண்டும் என்று அறிவுக்குத் தெரிகிறது. ஒன்பது வருடப் பழக்கம் விட மறுக்கிறது. வேலந்தாவளம் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஊர்வலம் எதுவும் இல்லையென்றால் வாத்தியத்தோடு வரலாமா? நீங்கள் ப்ளூஸ் சுற்றை ஊதினால் நான் பழகிக்கொள்வேன்.

பதில் 7: வேலந்தாவளம் கிளாரினெட்

ஞாயிறு காலையில் ஒரு கல்யாணம் இருக்கிறது; மூன்று மணிக்கு மேல் வாருங்கள், தம்பி. என் கிளாரினெட் பி ஃபிளாட், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. ஆகவே பெரிய மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், சின்னது போதும். தீர்மானம் வைத்தால் வைத்துவிட்டுப் போங்கள், நான் நிறுத்தாமல் அடுத்த சுற்றை ஊதிக்கொண்டே இருப்பேன். நான்கு சுற்று போனால் கை தானாக வழிக்கு வரும். சிம்பலைக் கழற்றி எறிய எங்கள் குழுவில் யாரும் இல்லை, பயப்பட வேண்டாம்.